பீளமேட்டில் ஏறி யூடியூபில் இறங்க: சிமுலேட்டர் வீடியோ போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் விமான சிமுலேட்டரில் கொங்கு நாட்டின் மேல் பறப்பதும், அதைப் பதிவு செய்து யூடியூபில் போடுவதும் என் பொழுதுபோக்கு. நாலு வருடமாகிறது. பகலில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பைலட். புதிதாக ஆரம்பிக்கிற தம்பி தங்கைகள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

ஏனுங்ண்ணா, எந்த சிமுலேட்டரில் ஆரம்பிக்கலாம்?

கையில் காசு இல்லையென்றால் ஃப்ளைட்கியர். 1997-லிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து செய்துவரும் இலவச மென்பொருள். பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். விமானம் எப்படிப் பறக்கிறது என்று கற்றுக்கொள்ள எக்ஸ்-பிளேன் 12 நல்லது. தரைக்காட்சிதான் முக்கியம் என்றால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். 1982-ல் முதல் பதிப்பு வந்த விளையாட்டு இது. இப்போது புழக்கத்தில் இருப்பவை 2020, 2024 பதிப்புகள்.

நம் ஊரைக் காட்டத்தான் வீடியோ என்றால் நான் மைக்ரோசாஃப்டையே சொல்வேன். பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தை விரித்து, அதன்மேல் வீடும் மரமும் நட்டுக் கொடுத்துவிடுகிறது. நொய்யல், நால்ரோடு, குளம், குட்டை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கட்டடங்கள் மட்டும் அது தானாக எழுப்புகிறவை. மருதமலைக்கு மேலே போய் ராஜகோபுரத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். மலை இருக்கும், கோபுரம் இருக்காது.

என் கம்ப்யூட்டரில் பறக்கும்போது சரியாக இருக்கிறது, பதிவு செய்தால் திணறுகிறதே?

சிமுலேட்டர் பிராசஸரை உறிஞ்சுகிற ஜாதி. பதிவு வேலையையும் அதே பிராசஸர் தலையில் கட்டினால் திணறத்தான் செய்யும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் என்வெங்க், ஏஎம்டி என்றால் அதற்கான என்கோடர், இன்டெல் என்றால் குயிக் சிங்க். இவை வீடியோவைச் சுருக்குவதற்கென்றே கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் தனிப் பகுதிகள். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளின் அமைப்பில் எக்ஸ்264 என்று, அதாவது பிராசஸரை வைத்துச் சுருக்கும்படி இருப்பதை இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்கு, விநாடிக்கு எத்தனை படம் என்ற ஃப்ரேம் விகிதத்தை 30-ல் பூட்டிவிடுங்கள். 60-க்கும் 35-க்கும் இடையே தாவிக்கொண்டிருப்பதைவிடக் கடைசிவரை ஆடாமல் நிற்கும் 30 கண்ணுக்கு இதம். இது துப்பாக்கி விளையாட்டு இல்லை. கோவையிலிருந்து மெல்ல ஏறுகிற விமானத்துக்கு 30 தாராளம்.

எதை வைத்துப் பதிவு செய்கிறீர்கள்?

ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், வாட்டர்மார்க் விழாது, நேர வரம்பு கிடையாது. அவசரத்துக்கு விண்டோஸிலேயே கேம் பார் இருக்கிறது. விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் ஓபிஎஸ் பழகிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயத்தை மட்டும் முதல் நாளே மாற்றுங்கள்.

ஒன்று, கோப்பு வகை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னையிலிருந்து கோவைக்கு ராத்திரிப் பயணம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வேலை. கருமத்தம்பட்டிக்கு மேலே இறங்கி வருகிறேன், ஓடுதள விளக்கு நேராகத் தெரிகிறது, சக்கரம் இறக்கியாயிற்று, பட்டென்று கரண்ட் போய்விட்டது. போனால் போகட்டும், அதுவரைக்கும் பதிவானது இருக்குமே என்று பார்த்தால் கோப்பு திறக்கவே இல்லை. நான் எம்பி4-ல் பதிவு செய்திருந்தேன். சாதாரண எம்பி4 கோப்புக்கு அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதுவார்கள். நடுவில் நின்றால் அட்டவணை இல்லை, அட்டவணை இல்லையென்றால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. எம்கேவி அப்படி இல்லை, நின்ற இடம்வரை பத்திரமாக இருக்கும். எம்கேவியில் பதிவு செய்து, முடிந்ததும் ஓபிஎஸ் மெனுவிலேயே இருக்கும் ரீமக்ஸ் வசதியால் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். தரம் ஒரு துளி குறையாது, சில விநாடி வேலை. மாதாமாதம் பராமரிப்பு மின்தடை இருக்கிற ஊரில் யூபிஎஸ் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

இரண்டு, ஒலித்தடம். சிமுலேட்டர் சத்தம் முதல் தடத்தில், உங்கள் குரல் இரண்டாவது தடத்தில் என்று பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்து பதிவாகிவிட்டால், என்ஜின் இரைச்சலில் உங்கள் பேச்சு மூழ்கியதை அப்புறம் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

ஓபிஎஸ்ஸில் சிமுலேட்டர் தெரியவில்லை, கறுப்பாக இருக்கிறது.

லேப்டாப்தானே? பெரும்பாலும் லேப்டாப்பாகத்தான் இருக்கும். அதில் கிராஃபிக்ஸ் இரண்டு இருக்கும், பிராசஸரோடு ஒட்டினது ஒன்று, தனி கார்டு ஒன்று. சிமுலேட்டர் ஒன்றிலும் ஓபிஎஸ் இன்னொன்றிலும் ஓடினால் கேம் கேப்சரில் இருட்டுதான். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், இரண்டையும் தனி கார்டிலேயே ஓடும்படி மாற்றிவிட்டு ஓபிஎஸ்ஸை மூடித் திறங்கள்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

கணக்கு எளிது. ஓபிஎஸ்ஸில் பதிவின் அளவை விநாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி. 40 என்றால் 18 ஜிபி. சிமுலேட்டரே பெரிய பூதம். 2020 பதிப்புக்கு 150 ஜிபி ஒதுக்கச் சொல்கிறார்கள். 2024 அவ்வளவு கேட்காது, ஆனால் தேவையானதைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். மொபைல் டேட்டாவை நம்பி அதில் இறங்காதீர்கள்.

அதே 9 ஜிபியை ஏற்ற, விநாடிக்கு 30 மெகாபிட் ஏற்றும் வேகம் உள்ள இணைப்பில் 40 நிமிடம் ஆகும். இறக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், ஏற்றும் வேகம் வேறு. நான் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

முதல் வீடியோவுக்கு எங்கிருந்து எங்கே பறக்கலாம்?

கோவையிலிருந்து சேலம். நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். இரண்டு முனையிலும் நம் ஊர், நடுவிலும் நம் ஊர்.

வழிகாட்டும் கருவி எதையும் தொடாமல் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை இடப்பக்க ஜன்னலில் வைத்துக்கொண்டே போங்கள். அவிநாசி, பெருந்துறை தாண்டினால் பவானி. அங்கே பவானி ஆறு காவிரியில் சேருகிற கூடுதுறை மேலிருந்து பார்க்க அருமையாக இருக்கும். இரண்டு ஆறு, நடுவில் கூராக ஒரு நிலம். அந்த இடத்தில் ஒரு வட்டம் அடியுங்கள், பார்க்கிறவர்களுக்கு நிற்க நேரம் கொடுங்கள். அப்புறம் குமாரபாளையம், சங்ககிரி மலைக்கோட்டை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். நேரமிருந்தால் இறங்குவதற்கு முன்னால் மேற்கே திரும்பி மேட்டூர் அணையை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

பெரிய விமானத்தில் போக ஆசைப்பட்டால் ஏடிஆர் என்ற விசிறி வைத்த பயணிகள் விமானத்தை எடுங்கள். கோவை ஓடுதளம் 2,990 மீட்டர், எந்தப் பெரிய விமானத்தையும் சாவகாசமாக இறக்கலாம். சேலம் 1,806 மீட்டர்தான். ஏடிஆருக்குப் போதும், நிஜத்திலும் அங்கே வந்துபோவது ஏடிஆர்தான். ஏர்பஸ்ஸை அங்கே இறக்கிக் காட்டுகிற வீடியோக்களும் உண்டு. அது வேறு ரசிகர் கூட்டம்.

இன்னொரு பாதை எனக்கு ரொம்பப் பிடித்தது. பவானிசாகர் அணைக்கு மேலே தொடங்கி, கீழ்பவானி வாய்க்காலை விடாமல் பிடித்துக்கொண்டே போவது. சுமார் 200 கிலோமீட்டர் நீள வாய்க்கால் அது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் காய்ந்த மேட்டுக்காடு. வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் பாய்கிறது என்று ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வீடியோவில் நான் அதிகம் பேசவே இல்லை.

ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் மலையில் மோதிவிடுகிறேன்.

எல்லோரும் மோதுகிறார்கள். கோவை விமான நிலையத்தின் பீளமேடு ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. இடையில் 50 கிலோமீட்டர் சொச்சம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் மேட்டுப்பாளையம்வரை தரை சமம்தான், ஏற்றமெல்லாம் அதற்கப்புறம் கொஞ்ச தூரத்துக்குள் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நேர்கோட்டில் 17 கிலோமீட்டர். செஸ்னா அதை ஏழு நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஏழு நிமிடத்தில் சுவரைத் தாண்டும் அளவுக்கு அதனால் ஏற முடியாது. உயரம் கூடக்கூட அதன் ஏறும் வேகம் குறைந்துகொண்டே போகும், வெயில் நாளில் இன்னும் மோசம்.

அதனால் மேட்டுப்பாளையத்துக்கு மேலேயே பாக்குத் தோப்புகளைச் சுற்றிச் சுற்றி 9,500 அடிக்கு ஏறிவிட்டு, பிறகு மலைப்பக்கம் மூக்கைத் திருப்புங்கள். மலையை நேராக முட்டாமல் சாய்வாக அணுகினால், பயந்தால் திரும்பி வர வழியிருக்கும். இதையே வீடியோவில் சொல்லிக்கொண்டே செய்தால், அந்தச் சுற்றல் வெட்டியெறிய வேண்டிய பகுதியாக இருக்காது. என் வீடியோவில் ஆட்கள் அதிகம் திரும்பப் பார்த்த இடம் அதுதான்.

ஆடி மாசம் பதிவு செய்தால் விமானம் ஆடிக்கொண்டே இருக்கிறது. நிஜ வானிலையை உடனுக்குடன் கொண்டுவரும் நேரடி வானிலை வசதியை அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள்! கொங்கு நாட்டு வீடியோவுக்கு அதுதான் உப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியே நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வீசிக்கொண்டு போகிறது. அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா இல்லை.

கோவை ஓடுதளமும் ஏறக்குறைய அந்தக் காற்றின் திசையிலேயே கிடக்கிறது. ஒரு முனைக்கு 05, மறு முனைக்கு 23 என்று எண். அந்த நாட்களில் வானிலைக் குறிப்பில் விஓசிபி என்ற நிலையக் குறியீட்டுக்குப் பின்னால் 24015கேடி என்பது போல ஒன்று வரும். 240 பாகையிலிருந்து 15 நாட் காற்று என்று அர்த்தம். 23-ஆம் ஓடுதளம் 230 பாகையை நோக்கி இருக்கிறது, ஆகக் காற்று கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வருகிறது. பக்கவாட்டுத் தள்ளல் குறைவு, தரையோடு சேரும் வேகமும் குறைவு. தரைக்கு அருகே கொஞ்சம் குலுக்கும், அவ்வளவுதான்.

23-ல் இறங்குகிற விமானங்கள் அவிநாசி, கருமத்தம்பட்டிப் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். சாயங்காலம் நிஜத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி அதே காற்றை இறக்கி அதே பாதையில் சிமுலேட்டரில் வருவேன். இதற்குத்தான் நான் இந்தப் பொழுதுபோக்குக்கே வந்தேன்.

ஒரு மணி நேரப் பறத்தலை அப்படியே போடலாமா?

போடலாம், உங்கள் அம்மாகூடப் பார்க்க மாட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையுங்கள்.

நான் செய்வது இது. முதல் தடவை காக்பிட்டுக்குள் உட்கார்ந்து ஒழுங்காகப் பறந்து முடிப்பேன். பிறகு அதே பறத்தலை ரீபிளே போட்டு வெளியிலிருந்து எடுப்பேன். எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் இரண்டிலும் ரீபிளே உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டுக்கு ஸ்கை டாலி என்ற இலவச மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பறக்கும்போதே கேமராவையும் மாற்றி, விமானத்தையும் ஓட்டி, பேசவும் செய்வது சர்க்கஸ். நான் அப்படிச் செய்து ஒருமுறை பீளமேடு என்று நினைத்து சூலூர் விமானப்படைத் தளத்தில் இறங்கியிருக்கிறேன். இரண்டு ஓடுதளமும் கிட்டத்தட்ட ஒரே திசை, இடைவெளி பத்துப் பதிமூன்று கிலோமீட்டர். நிற்கும்வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வீடியோவை வெட்டாமல் அப்படியே போட்டேன்.

வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். கம்ப்யூட்டர் தாங்காவிட்டால் ஷாட்கட். ஒரே கோணத்தை அரை நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஆனால் இறங்குகிற கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் கோணத்தை மாற்றவே மாற்றாதீர்கள். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் நாலு கேமரா தாவினால், நீங்கள் நன்றாக இறக்கினீர்களா என்பதே தெரியாமல் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நீளமாகப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் விளக்கத்தில் நேரக் குறிப்பு கொடுங்கள். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். அப்போதுதான் யூடியூப் அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும்.

தறிச் சத்தத்துக்கு நடுவே எப்படிக் குரல் பதிவு செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வி திருப்பூர், பல்லடம், சோமனூர்க்காரர்களிடமிருந்து மட்டுமே வரும். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக இரைகிற சத்தத்தை ஓபிஎஸ்ஸில் உள்ள நாய்ஸ் சப்ரெஷன் நன்றாக வடிகட்டிவிடும். தறி அப்படி இல்லை. கடக் கடக் என்று அடித்து அடித்து விழுகிற சத்தம், வடிகட்டியைத் தாண்டி வரும். வடிகட்டியை முழுதாக ஏற்றினால் தறியோடு சேர்ந்து உங்கள் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

வடிகட்டியை ஓரளவுக்கு வைத்துவிட்டு மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் கொண்டுவாருங்கள். மைக் பக்கத்தில் வந்தால் அதன் ஒலியேற்றத்தைக் குறைக்கலாம், குறைத்தால் தூரத்துச் சத்தம் தானாக அடங்கும். சுவரில் எதிரொலி வராமல் இருக்க எனக்குப் பின்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுக்கு விரிக்கிறதை இவன் சுவரில் மாட்டியிருக்கிறானே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும்.

பறக்கும்போது பேசாமல், வெட்டி ஒட்டிய பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவது இன்னும் சுலபம். அடுத்த வீட்டுத் தறி நிற்கிற நேரம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீடியோவில் 500 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, "கண்ணு, சோறு ஆறுது, அந்த ஏரோப்ளேனை ஓரமா நிறுத்திட்டு வா" என்று அம்மா கூப்பிட்டது பதிவாகிவிட்டது. வெட்டலாம் என்றிருந்தேன், மறந்துபோய் ஏற்றிவிட்டேன். அடியில் வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் அம்மாவைப் பற்றித்தான். அதே சமயம் வாட்ஸ்அப் அறிவிப்பும் வங்கிக் கடவுச்சொல் செய்தியும் திரையில் விழுவது சிரிக்கிற விஷயம் இல்லை. பதிவுக்கு முன்னால் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள்.

தமிழில் பேசினால் பார்ப்பார்களா?

ஆங்கிலத்தில் இதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கூடுதுறையைக் காட்டி இதுதான் கூடுதுறை என்று சொல்ல அவர்களில் யாரும் இல்லை. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். த்ராட்டில், ஃப்ளாப் இதற்கெல்லாம் வலிந்து தமிழ் தேட வேண்டாம். ஆனால் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். "ஃப்ளாப் இறக்கினா இறக்கையோட வளைவு கூடுது, மெதுவாப் போனாலும் விழாது" என்றால் போதும், எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரிந்துவிடும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாங்க. யூடியூபின் தானியங்கிச் சோதனை சில விநாடிப் பாட்டையும் கண்டுபிடித்துவிடும். வீடியோ தடைபடலாம், அல்லது வருகிற விளம்பரக் காசு பாட்டு உரிமையாளருக்குப் போகும். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. என்னைக் கேட்டால் என்ஜின் சத்தமே நல்ல இசை.

என் கணினியில் தெளிவாக இருக்கிறது, யூடியூபில் போட்டால் தரையெல்லாம் கஞ்சி மாதிரி குழைந்துவிடுகிறது.

சுருக்குகிறவனுக்கு மிகக் கஷ்டமான படம் நம்முடையதுதான். வானத்தைச் சுருக்குவது எளிது. ஆனால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பை யோசியுங்கள். ஆயிரக்கணக்கான மரம், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கின்றன. குறைந்த பிட் அளவில் அதைச் சுருக்கினால் கஞ்சிதான்.

1080-ல் 30 ஃப்ரேமுக்கு விநாடிக்கு 8 மெகாபிட், 60-க்கு 12 என்பது யூடியூப் பரிந்துரைக்கும் அளவு. அதைவிடத் தாராளமாகவே ஏற்றுங்கள், அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. 1080 வீடியோவை வெளியே எடுக்கும்போது 1440 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். அந்த அளவுக்கு யூடியூப் விபி9 என்ற மேலான முறையையும் அதிக பிட்டையும் ஒதுக்குகிறது. புதிய விவரம் எதுவும் படத்தில் சேராது, இருப்பது கெடாமல் போய்ச் சேரும். ஏற்றிய உடனே பார்த்துவிட்டு மங்கல் என்று பதறாதீர்கள், உயர் தரம் தயாராகச் சில மணி நேரம் ஆகும்.

தலைப்பில் 'சிமுலேட்டர்' என்று போட்டால் பார்வை குறைகிறது. எடுத்துவிடலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் கறார்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய உடனே, ஒரு போர் விமானம் இன்னொன்றைச் சுட்டு வீழ்த்தும் காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அது டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் எடுத்தது. எடுத்தவர் தன் பக்கத்தில் சிமுலேட்டர் என்று சொல்லித்தான் இருந்தார். ஆனால் மற்றவர்கள் காட்சியை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள், சொன்னது கூடப் போகவில்லை.

அதனால் தலைப்பிலும் விளக்கத்திலும் எழுதினால் மட்டும் போதாது, படத்துக்குள்ளேயே எழுத்து இருக்க வேண்டும். நான் மூலையில் சிறிதாக, ஆனால் வெட்டி எறிந்தால் படமே சிதையும் இடத்தில் "சிமுலேட்டர் காட்சி" என்று வைத்திருக்கிறேன். நிஜம்போல் தோன்றும் செயற்கைக் காட்சியை அறிவிக்கச் சொல்லி 2024-லிருந்து யூடியூபும் ஏற்றும் இடத்திலேயே ஒரு கேள்வி வைத்திருக்கிறது. பார்க்கிறவர் குழம்ப வாய்ப்பிருந்தால் ஆம் என்று குறித்துவிடுங்கள்.

ஒரு தடவை நான் போட்ட அரை நிமிடக் காட்சி, ஒரு ஏடிஆர் குலுங்கிக்கொண்டே இறங்குவது, எங்கள் சொந்தக்காரர் குழுவிலேயே "கோவையில் இன்று நடந்தது" என்று எனக்கே திரும்பி வந்தது. பெரியப்பா அனுப்பியிருந்தார். "பெரியப்பா, இது நான் எடுத்ததுங்க" என்றேன். "நீ எப்போடா ஏரோட்ராம் போனே?" என்று கேட்டார்.

நிஜ விபத்துகளை சிமுலேட்டரில் செய்து காட்டச் சொல்கிறார்கள். பார்வையும் அதிகம் வருமே?

வரும். நான் செய்வதில்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துக்கு அடுத்த நாளே எனக்கு இப்படிக் கேட்டுச் செய்திகள் வந்தன. விசாரணையின் முதல்கட்ட அறிக்கையே ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன்னால் நான் எதை வைத்துச் செய்து காட்டுவது? ஊகத்தைத்தான் காட்ட வேண்டும். காட்சியாகப் பார்த்துவிட்ட ஊகம் சனங்கள் மனதில் உண்மையாக உட்கார்ந்துவிடும்.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதியோடு குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டர், எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் சூலூரிலிருந்துதான் கிளம்பியது. அதில் போன 14 பேரும் திரும்பவில்லை. அதையும் செய்து காட்டச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் எழுதவில்லை.

அறிக்கை வெளிவந்து பல வருடம் ஆன பழைய விபத்தில் என்ன பாடம் இருந்தது என்று விளக்குவது வேறு. அதற்கும் நிறையப் படித்திருக்க வேண்டும்.

சூலூர் விமானப்படைத் தளத்தைக் காட்டலாமா?

சிமுலேட்டரில் தெரிவது பொது வரைபடத்தில் இருப்பதுதான், மேலே பறந்து போவதில் சிக்கல் இல்லை. ஆனால் வீடியோவுக்கு அழகு சேர்க்க, நேரில் போய் மதில் ஓரம் நின்று நிஜக் காட்சி எடுத்துச் சேர்க்காதீர்கள். போர் விமானங்கள் இருக்கும் தளம் அது, விளையாட்டு இல்லை. விமானி கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதை ரேடியோ கருவியில் பிடித்துச் சேர்க்கும் யோசனையும் வேண்டாம். பேச்சு வேண்டுமென்றால் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில் சேருங்கள். அங்கே சிமுலேட்டர் பிரியர்களே கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்து பேசுவார்கள்.

போனில் செய்ய முடியுமா?

முடியும். இன்ஃபினிட் ஃப்ளைட், ஆர்எஃப்எஸ் என்ற சிமுலேட்டர்கள் இரண்டும் போனிலேயே ஓடும், போனில் உள்ள ஸ்கிரீன் ரெக்கார்டரே போதும். போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பதிவு செய்யாதீர்கள், சூடேறித் திணறும்.

காசு வருமா?

ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை இருந்தால் விளம்பரப் பங்குக்கு விண்ணப்பிக்கலாம். விளையாட்டுக் காட்சியை யூடியூப் விளம்பரத்தோடு போட மைக்ரோசாஃப்ட் விதிகள் இடம் தருகின்றன. காசு கட்டினால்தான் பார்க்கலாம் என்று பூட்டி வைக்கத்தான் அனுமதி இல்லை. எனக்கு வருவதில் ஜாய்ஸ்டிக் வாங்கிய கடன் அடைந்தது. வேலையை விடவில்லை.

நேரலை?

முதல் தடவை அனுமதி கேட்டால் 24 மணி நேரம்வரை காத்திருக்க வைப்பார்கள், அதனால் முந்தின நாளே கேட்டு வையுங்கள். கரண்ட் நிலவரம் தெரியாமல் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எங்க ஊர் மேல பறந்து காட்ட முடியுமாங்க?

தாராளமாக. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியாது. கொங்கு நாட்டில் எத்தனை கவுண்டம்பாளையம், எத்தனை செட்டிபாளையம் என்று உங்களுக்கே தெரியும். குளம், வாய்க்கால் திருப்பம், ரயில் பாதை, கல்குவாரி என்று மேலிருந்து தெரிகிற அடையாளம் ஒன்று சொல்லுங்கள். தோட்டத்து வீடு, சாலை என்று சொன்னால் மேலிருந்து எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்னொன்று, செயற்கைக்கோள் படம் இன்று எடுத்தது இல்லை. சில இடங்களில் பல வருடம் பழசு. போன தைப் பொங்கலுக்கு அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, உட்கார வைத்து, காங்கயம் பக்கம் அவர் தோட்டத்துக்கு மேலே கொண்டுபோனேன். கிணறு தெரிந்தது, இரண்டு பக்கமும் வேலியுள்ள இட்டேரித் தடம் தெரிந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தார். "ஏன் சாமி, அந்த வடகோடித் தென்னையெல்லாம் தண்ணியில்லாமக் காஞ்சு, வெட்டி மூணு வருசம் ஆச்சே. இதுல நிக்குது?" என்றார். படம் பழசுங்க அப்புச்சி என்றேன். "சரி, இன்னொரு சுத்து அடி" என்றார். நாலு சுற்று அடித்தேன். அதைப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.